ஆறாவது படம்

என் மகள் படம் வரைவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் நிறுத்தினாள் என்று எல்லோரும் கேட்டார்கள். ஓவிய டீச்சர் கேட்டார், மேல்மாடிப் பெண்கள் கேட்டார்கள், எல்லோரும் ஹாரன் என்று கூப்பிடும் கீழ்வீட்டுக்காரர்கூடக் கேட்டார். கேட்டுவிட்டு, அம்மா போன துக்கம் என்று பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் கேட்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தவன் கேட்டால் அது நடிப்பு.

அவள் மறுபடி பென்சிலை எடுக்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்கு நான் வாயைத் திறக்கவேண்டியிருந்தது. எட்டு மாதம் திறக்கவில்லை.

நான் பாட்டில் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, அது என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. பதினாறு வருடமாக என் வேலை பார்ப்பது. ஒரு வெள்ளை விளக்குப் பலகை, அதற்கு முன்னால் ஒரு பெல்ட், பெல்ட்டில் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பாட்டிலுக்கும் வாய், கழுத்து, தோள், வயிறு எல்லாம் உண்டு. குமிழ் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் பிடுங்கிப் பக்கத்துக் குழியில் போடவேண்டும். இருபது நிமிடம் பார்த்தால் பத்து நிமிடம் ஓய்வு. அதற்குமேல் பார்த்தால் கண் திறந்துதான் இருக்கும், ஆனால் எல்லாமே நல்ல பாட்டிலாகத் தெரியும்.

கோணக் கழுத்தைப் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. "உனக்கு இருக்கிறது கண் இல்லைய்யா, தராசு" என்பார் சூப்பர்வைசர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

என் மனைவி துணி திருத்தும் கடையில் வேலை பார்த்தாள். பேன்ட் சுருக்குவது, சட்டைக் காலர் மாற்றுவது. பகல் வேலை. நான் காலை ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைவேன், அவள் ஏழு நாற்பதுக்குக் கிளம்புவாள். எங்கள் தாம்பத்தியம் அந்த நாற்பது நிமிடத்துக்குள் நடந்தது. அதிலும் பாதி நேரம் மகளுக்குத் தலை வாரிவிடுவதிலும் டிபன் பெட்டி கட்டுவதிலும் போய்விடும். எங்கள் சண்டைகூட முழுசாக நடந்ததில்லை. "மிச்சத்தை நாளைக்கு வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வாள்.

மகளுக்கு வீட்டில் அணில் என்று பெயர். பென்சில் முனையைக் கொறித்துக்கொண்டே இருப்பாள் என்று அவள் அம்மா வைத்தது. நான் சொல்லவரும் வருடம் அவளுக்குப் பதினொரு வயது.

அந்த வருடம் அவர்கள் பள்ளிக்கு ஒரு ஓவிய டீச்சர் வந்தார். முதல் நாளே எல்லாப் பிள்ளைகளிடமும் அழிரப்பரை வாங்கி ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். தப்பான கோடு இருக்கட்டும், பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடு என்றாராம். பிள்ளைகள் அவருக்கு ரப்பர் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள்.

அவர் கொடுத்த வீட்டுப்பாடம் இன்னும் விசித்திரம். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஒருவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, இருபது நிமிடம், அதே ஆளை அதே இடத்தில் உட்காரவைத்து வரையவேண்டும். பத்து வாரம், பத்துப் படம். ஒவ்வொன்றின் கீழும் தேதி.

"அழகா இருக்கணும்னு இல்லையாம்ப்பா" என்றாள் அணில். "தெரிஞ்சதை வரையக் கூடாதாம். பார்க்கிறதை வரையணுமாம்."

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?"

"அதான் எனக்கும் புரியலை."

"புரியாததுக்குத்தான் பள்ளிக்கூடம்" என்று சொல்லிவிட்டு நான் படுக்கப் போனேன். படம் வரைவதைப் பற்றி எனக்கு அப்போது பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அது வயிற்றை நிரப்பாது என்று மட்டும் தெரியும்.

அந்தப் பத்து வாரத்தில் எங்கள் கட்டடத்தில் சில விஷயங்கள் நடந்தன. நான்காம் மாடிப் பையன் ஒருவன் கீழ்வீட்டு ஹாரனைத் தேர்ந்தெடுத்தான். அவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். குரல் அப்படி, அதனால் அந்தப் பெயர். யாராவது வாசலில் வண்டியை நிறுத்தினால் கட்டடம் அதிரக் கத்துவார். அவரோடு பேசுகிற ஆள் யாரும் கிடையாது. அவர் எதிரில் பையன் இருபது நிமிடம் உட்கார்ந்தான். முதல் வாரம் அவர் முறைத்தாராம். இரண்டாம் வாரம் சவரம் செய்துகொண்டு காத்திருந்தாராம். மூன்றாம் வாரம், "ஏன்டா, எனக்கு மூக்கு இவ்ளோ பெருசா?" என்று கேட்டாராம். "இருக்கே சார்" என்றானாம் பையன். அவர் கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆமாடா, இருக்கு" என்று உட்கார்ந்துகொண்டாராம்.

மூலைக்கடைக்காரர் தன் தொப்பையைக் குறைத்து வரையச் சொல்லி ஒரு பெண்ணுக்கு மிட்டாய் கொடுத்துப் பார்த்தார். அவள் மிட்டாயை வாங்கிக்கொண்டு தொப்பையையும் அப்படியே வரைந்தாள். படங்களைப் பிள்ளைகள் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினார்கள். வருடக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏறி இறங்கிய ஜனம், மாடிக்கு மாடி நின்று, இது யார், அது யார் என்று கேட்டது. மூன்றாம் மாடிக் குழாய் ரிப்பேர்க்காரருக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது என்பது அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். பதினோரு வருடமாகப் பக்கத்து வீடு.

அணில் அவள் அம்மாவைத் தேர்ந்தெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை, சமையலறை ஜன்னல் பக்கம், பீன்ஸ் நறுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். "அசையாதம்மா" என்பாள் இவள். "அசையாம நறுக்கினா விரல் போயிடும்டி" என்பாள் அவள்.

முதல் நான்கு படங்களை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஐந்தாவதைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை. ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தேன். நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். நன்றாகத்தான் வரைந்திருந்தாள். கை, கத்தி, குனிந்த தலை, காதோரம் பிரிந்த முடி, எல்லாம் அவள்தான். கழுத்தில் வந்து என் கண் நின்றது. இத்தனை வருடப் பழக்கம், நிற்காமல் என்ன செய்யும். கழுத்து தோளோடு சேரும் இடத்தில், இடது பக்கம், கோடு வெளியே போயிருந்தது. கொஞ்சம்தான். வலது பக்கம் பள்ளமாக இருந்த இடம் இடது பக்கம் மேடாக இருந்தது.

சிரித்தேன். "அணிலு, இது பாட்டிலா இருந்தா குழியில தள்ளியிருப்பேன்."

அவள் சீருடையை மாட்டிக்கொண்டே வந்தாள். "எதுப்பா?"

"உங்கம்மா கழுத்து. ஒரு பக்கம் கோணிக்கிட்டு நிக்குது பாரு."

மனைவியும் எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி. என் கழுத்தை இப்படியா வரைவ? ஊரார் கழுத்தையெல்லாம் அளந்து காலர் தைக்கிறவ நான். சமமாப் போடுடி."

"ஆனா அப்படித்தான் இருக்கும்மா."

"நான் குனிஞ்சிருந்தா அப்படித் தெரியும்."

"இல்லம்மா, போன வாரமும்..."

"பஸ் வந்துரும், பையை எடு."

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. மகளுடைய பள்ளிக்கூட வேலை எதிலும் நான் அதுவரை கை வைத்ததில்லை. கணக்கு எனக்கு வராது, மற்றது புரியாது. இது ஒன்று எனக்குத் தெரிந்த வேலை. பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது, உட்காருடா கண்ணு என்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். தையல் டப்பாவைக் கிளறி ஒரு பழைய ரப்பரைக் கண்டுபிடித்தேன். தொழிற்சாலையில் அளவுப் படத்தில் போடுவதுபோல, முகவாயிலிருந்து நெஞ்சுக்குழி வரை மெல்லிசாக ஒரு நடுக்கோடு இழுத்தேன். இடது பக்க மேட்டை அழித்தேன். வலது பக்கம் எவ்வளவு தூரமோ இடது பக்கமும் அவ்வளவு தூரம் புள்ளி வைத்து, அவள் கையைப் பிடித்துக் கோட்டைப் போடவைத்தேன். அழித்த தூளை ஊதிவிட்டேன்.

"இப்பப் பாரு. எப்படி?"

"நல்லாருக்குப்பா" என்றாள்.

அன்று நான் சந்தோஷமாகத் தூங்கினேன். என் மகளுக்கு நான் எதையோ கற்றுக்கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. மனைவி சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதை நிறுத்தினாள், இறுக்குகிறது என்றாள். வெயில் காலம், யாருக்குத்தான் இறுக்காது. குரல் கம்மியது, கடையில் கத்திக் கத்திப் போய்விட்டது என்றாள். ஐந்தாவது படத்துக்கு ஆறு மாதம் கழித்து ஒருநாள் கடையில் மயங்கி விழுந்தாள். அப்போதுதான் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்ப இருந்து இருக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றேன் நான்.

"ஒரு மாசம்தான்" என்றாள் அவள்.

அணில் கதவோரம் நின்றிருந்தாள். "ஏழு மாசம்" என்றாள்.

டாக்டர் திரும்பினார். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அன்று அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். டாக்டர் முதல் படத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மூன்றிலும் நான்கிலும் அந்த இடத்தைப் பேனா மூடியால் தொட்டுக் காட்டினார். "கெட்டிக்காரப் பொண்ணு. தேதியெல்லாம் இருக்கே." ஐந்தாவதைத் திருப்பினார். ஆறு, ஏழு, எட்டு, பத்து வரை. ஐந்திலிருந்து பத்து வரை கழுத்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல, தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல இருந்தது.

"நடுவுல வத்திப்போச்சா?" என்று கேட்டார்.

அணில் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலை" என்றாள்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அந்த இடத்தில் வருகிற கட்டி புற்றுநோயின் வெறும் வால்தானாம், தலை உள்ளே வேறெங்கோ இருக்குமாம். தலை வயிற்றில் இருந்தது. நான்கு மாதத்தில் முடிந்துவிட்டது. ஆறு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன். அவர் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு எதுவும் செய்யமுடியவில்லை.

டாக்டர் நோட்டைப் பார்த்த அன்றோடு அணில் வரைவதை நிறுத்தினாள். ஓவியப் பீரியடில் கணக்கு நோட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று டீச்சர் ஒருநாள் வாசலில் வந்து சொன்னார். நான் தூக்கக் கலக்கத்தில் நின்றேன். "கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றார் அவர். "ஆனா அந்தப் பொண்ணு பார்க்கிற மாதிரி என் வகுப்புல யாரும் பார்க்கலை. ஆறாவது படத்துல திடீர்னு பார்க்கிறதை நிறுத்திட்டா. அது ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை."

புரியவைத்திருக்கலாம். "தெரியலைங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

எட்டாவது மாதம் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. ஓவிய வகுப்பு இரண்டு பீரியடையும் கணக்குக்குக் கொடுத்துவிடலாமா, ஓவிய அறையைத் தேர்வு அறையாக மாற்றலாமா என்று பெற்றோர் கருத்து சொல்லவேண்டுமாம். சனிக்கிழமை காலை கூட்டம். வர முடியாதவர்கள் கட்டத்தில் குறிபோட்டுக் கையெழுத்திட்டு அனுப்பலாம். அணில் அதை என் முன்னால் வைத்தாள். ஓவிய வகுப்பு வேண்டாம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே குறி போட்டிருந்தது.

"கையெழுத்துப் போடுங்கப்பா. பஸ் வந்துரும்."

பள்ளியிலிருந்து வருகிற எதையும் நான் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று படித்தேன்.

"இந்தக் குறி யார் போட்டது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"யாருக்கும் உபயோகம் இல்லை."

பேனாவை மூடினேன். "சனிக்கிழமை நானே வரேன்" என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அவள் பள்ளிக்கு நான் அதுவரை போனதே இல்லை.

ஷிஃப்ட் முடித்து நேராகப் போனேன், தொழிற்சாலை உடையிலேயே. ஓவிய அறையில்தான் கூட்டம். பெஞ்சில் சாய வாசனை அடித்தது. பெற்றோர் ஐம்பது பேர் இருப்பார்கள். ஹாரன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பள்ளியில் பிள்ளையும் கிடையாது, பேரனும் கிடையாது. கேட்டதற்கு, "அந்தப் பய என்னை வரைஞ்சான்ல, நானும் இதுல ஒரு பார்ட்டிதான்" என்றாராம். பிள்ளைகள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். அணிலும் நின்றாள்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. தேர்வு முடிவு இறங்கிவிட்டது, மேலிடத்தில் கேட்கிறார்கள், எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னார். இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். வங்கியில் வேலையாம்.

"சுவரை வெச்சுத்தாங்க சித்திரம் எழுதணும். முதல்ல கணக்கு, சயின்ஸ்னு சுவர் எழும்பட்டும். சித்திரம் அப்புறம் பார்த்துக்கலாம்."

கொஞ்சம் பேர் கை தட்டினார்கள். ஹாரன் எழுந்திருக்காமலேயே கத்தினார். "சுவருக்கென்னய்யா குறைச்சல்? எங்க கட்டடத்துல முப்பது வருஷமா சுவரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம். ஒருத்தனுக்கு ஒருத்தன் முகம் தெரியாது. இந்தப் பிள்ளைங்க வந்து நாலு படத்தை ஒட்டின பிறகுதான் இந்த ஆளுக்கு விரல் இல்லை, அந்தம்மாவுக்குக் காது கேக்காதுன்னு தெரியுது."

"உங்களுக்கு மூக்கு பெருசுன்னும் தெரிஞ்சுது" என்றது பின்னாலிருந்து ஒரு பையன் குரல். அறை சிரித்தது. அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். அடங்கிய பிறகு எழுந்திருக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது.

"நான் பாட்டில் ஃபேக்டரியில செக்கர். பதினாறு வருஷம்" என்றேன். "படம் வரைஞ்சா மூளை வளரும், மனசு வளரும்னு வாசல்ல ஒட்டின நோட்டீஸ்ல போட்டிருக்கு. அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். என் பொண்ணு அவங்கம்மாவை வரைஞ்சா. அவங்கம்மா கழுத்துல கட்டி இருந்துச்சு. எனக்குத் தெரியலை, அவங்கம்மாவுக்கே தெரியலை, எந்த டாக்டரும் பார்க்கலை. இந்த ரூம்ல அஞ்சு வாரம் உட்கார்ந்த பொண்ணு அதைப் பார்த்து, உள்ளது உள்ளபடி வரைஞ்சு வெச்சா. கழுத்து கோணலா இருக்குன்னு நான்தான் அழிச்சேன். ரப்பரை வெச்சு நானே அழிச்சேன். அவ கையைப் பிடிச்சு வேற கோடு போடவெச்சேன். அவ அம்மா செத்துட்டா. அவ்வளவுதான். டீச்சர் ஒழுங்காத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. பொண்ணு ஒழுங்காத்தான் படிச்சா. தப்பு வீட்டுல நடந்தது."

உட்கார்ந்தேன். ஓவிய டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணிக்கை எனக்கு நினைவில்லை. வகுப்பு இருக்கட்டும் என்று முடிவாயிற்று. வங்கிக்காரரும் கை தூக்கியிருந்தார் என்று ஹாரன் பிறகு சொன்னார்.

வீட்டுக்கு நடந்துபோனோம். அவள் இரண்டடி முன்னால் போனாள். சிக்னலில் நின்றபோது பக்கத்தில் வந்தாள்.

"எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேண்டாம்."

"உன்கிட்டத்தான் சொன்னேன். தனியாச் சொல்லத் தெம்பு இல்லை."

பச்சை விழுந்தது. கடந்தோம்.

"அஞ்சாவது நீங்க அழிச்சீங்கப்பா" என்றாள். "ஆறாவது நான்தானே போட்டேன்?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"ஆறாவது வாரம் அம்மா உட்கார்ந்தாங்க. அது இன்னும் பெருசா இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டு சமமாப் போட்டேன். ஏழாவதும் பார்த்தேன். டீச்சர் ரெண்டு தடவை கேட்டாங்க, உங்கம்மா இப்படித்தான் இருக்காங்களான்னு. ஆமான்னு சொன்னேன். அப்ப நீங்க என் கையைப் பிடிக்கலையே."

இதுதான் காரணம். எட்டு மாதமாக எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தது காரணத்தில் பாதிகூட இல்லை. அவள் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். தனக்காகவே மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நடைபாதையில் நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பேசமுடியும். "எங்க ஃபேக்டரியில மாதிரி பாட்டில்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க கண்ணு. அதைப் பார்த்துத்தான் மத்ததைச் சரிபார்ப்போம். மாதிரியே தப்பா இருந்தா, பெல்ட்டுல உட்கார்ந்து பார்க்கிறவன் மேல குத்தம் சொல்லமாட்டாங்க. மாதிரியை வெச்சவன் மேலதான் குத்தம். நான்தான் உனக்குத் தப்பான மாதிரியைக் கொடுத்தேன்."

அவள் யோசித்தாள். நான் சொல்வது எதையும் அவள் யோசிக்காமல் ஒதுக்கமாட்டாள். அவள் அம்மாவின் குணம்.

"அம்மா பாட்டில் இல்லைப்பா" என்றாள்.

சொல்லிவிட்டு மறுபடி இரண்டடி முன்னால் நடந்தாள்.

வகுப்பு நடக்கிறது. கட்டடத்தில் புதிய படங்கள் வந்திருக்கின்றன, இந்தமுறை இரண்டாம் மாடி வரை. படியில் எதிர்ப்படுகிறவர்கள் எனக்கு நன்றி சொல்கிறார்கள். உங்களால்தான் எங்கள் பிள்ளைக்கு வகுப்பு தப்பியது என்கிறார்கள். தலையாட்டிவிட்டு மேலே ஏறுகிறேன். எங்கள் மாடியில் சுவர் வெறுமையாக இருக்கிறது. அணில் ஓவியப் பீரியடில் அறைக்குள் போய் உட்காருகிறாளாம், நோட்டைத் திறப்பதில்லையாம். கணக்கு நோட்டையும் திறப்பதில்லை என்று டீச்சர் சொன்னார். சும்மா உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். "இருக்கட்டும்" என்றார் டீச்சர். இருக்கட்டும் என்றால் எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை, நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"இடது கணுக்கால் வீங்கியிருக்கு" என்றாள்.

"ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கேன். அப்படித்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வலது கால் அப்படி இல்லை. போன வாரம் இதுவும் இப்படி இல்லை" என்றாள். இந்தமுறை வார்த்தையை விழுங்கவில்லை.

கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு, தூங்காமல், அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார்ந்தேன். டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார், ஒரு படம் எடுக்கச் சொன்னார், பார்த்தார். ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டே உட்கார்ந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் தேங்கும், இறுக்கமான காலுறை போடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

நான்கு மணிக்கு அவள் வந்தபோது நான் விழித்திருந்தேன். பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணும் இல்லையாம்" என்றேன். "காலுறை போட்டாப் போதுமாம்."

அவள் நம்பவில்லை. சீட்டைக் கேட்டு வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு கீழே உட்கார்ந்து என் இரண்டு கணுக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"ஆனா வீங்கி இருந்துச்சு" என்றாள்.

"ஆமா" என்றேன். "இருந்துச்சு."